அரசாங்கம் ஆள் அனுப்புமா? கொங்கு நாட்டுப் பட்டறைகளுக்குத் தொழில் பழகுநர் திட்டம்: ஓர் எளிய விளக்கம்

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மின்கம்பத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை'. கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் போனால் அதே அட்டையில் டர்னர், ஃபிட்டர், சி.என்.சி. ஆப்பரேட்டர் என்று இருக்கும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வாசலில் வெல்டர், பெயிண்டர். ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு இல்லாத டீக்கடையே இந்தப் பக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு இங்கே வந்து நிற்கும்: "திறன் மேம்பாடு, வேலைவாய்ப்பு முகாம்னு கவர்மெண்டுல என்னென்னமோ பண்றாங்கங்க. நம்ம பட்டறைக்கு ஒரு ஆளாவது வந்துருக்கானுங்களா?"

வரவில்லைதான். பயிற்சி முடித்த ஆளைக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கிவிடும் திட்டம் எதுவும் அரசிடம் கிடையாது. இதற்கு நேரெதிரான இன்னொரு நினைப்பும் உண்டு. 'அப்ரண்டிஸ்னு எழுதிட்டா பி.எஃப். இல்ல, பாதிச் சம்பளத்துல வேலை வாங்கிக்கலாம்' என்பது. இதுவும் தப்பு, சட்டப்படியும் தப்பு. ஒருவர் திட்டமே வெறும் பேச்சு என்கிறார், இன்னொருவர் அதைக் குறுக்குவழியாகப் பார்க்கிறார். உள்ளபடி இந்தத் தொழில் பழகுநர் திட்டம், அதாவது அப்ரண்டிஸ் திட்டம், எப்படி ஓடுகிறது என்பதைப் பார்ப்போம்.

மூன்று உதவிகள், மூன்று வாசல்கள்

வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு அரசு செய்வதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, ஏற்கனவே இருக்கும் ஆளைக் காட்டுவது. இரண்டு, இல்லாத ஆளை உருவாக்க உதவுவது. மூன்று, புதிதாக ஆள் சேர்த்தவருக்குச் செலவில் ஒரு பங்கு தருவது. மூன்றுக்கும் அலுவலகம் வேறு, விதி வேறு, பணம் போகும் கணக்கும் வேறு. முதல் வாசலில் போய் மூன்றாவதைக் கேட்டால் 'இங்க இல்லீங்க' என்றுதான் பதில் வரும். பலருக்கு அரசு அலுவலகம் கசந்துபோனது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

ஆளைக் காட்டும் வாசல்

பழைய எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ், இப்போது 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்ற நீண்ட பெயரோடு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அரசு வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் இடம் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். தனியார் நிறுவனங்களுக்கான முகாம்களையும் இவர்கள்தான் நடத்துகிறார்கள். வேலை தேடுபவரும் காசு கொடுக்க வேண்டாம், ஆள் தேடுபவரும் கொடுக்க வேண்டாம். 2020 ஜூனில் தொடங்கிய 'தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம்' இதன் இணைய வடிவம். உங்கள் காலியிடத்தை நீங்களே பதியலாம், இலவசமாக.

காலியிடம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கடமை விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது இப்போது போய்விட்டது. தெரிவிப்பதுதான் கடமை. அவர்கள் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இந்த வாசலால் யாருக்குப் பலன்? பேக்கிங், கணக்கு, விற்பனை, செக்கிங், ஹெல்பர் போன்ற வேலைகளுக்கு நல்ல பலன் உண்டு. கை தேர்ந்த டர்னரோ, தறியில் பழகிய ஆளோ முகாமுக்கு வருவது அபூர்வம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நல்ல தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவைத்துக் காத்திருக்கிறார்கள், அவர் எதற்கு முகாமுக்கு வந்து வரிசையில் நிற்கப் போகிறார்? சந்தையிலேயே இல்லாத ஆளை எந்த முகாமும் காட்ட முடியாது. அப்போது போக வேண்டியது இரண்டாவது வாசல்.

உருவாக்கும் வாசல்

தொழில் பழகுநர் என்பவர், ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே தொழில் கற்பவர். பேச்சுவழக்கில் அப்ரண்டிஸ். அடிப்படை, 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். சட்டம் மத்திய அரசுடையது. ஐ.டி.ஐ. பிரிவுகளைப் பொறுத்தவரை தனியார் நிறுவனங்களில் அதை நடத்துவது மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை.

'அதுதான் ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் படிச்சுட்டு வர்றாங்களே, மறுபடியும் என்ன பயிற்சி?' என்று கேட்பார்கள். ஐ.டி.ஐ.யில் படித்தவருக்கு அளவுகருவி பிடிக்கத் தெரியும், வரைபடம் படிக்கத் தெரியும், மெஷின் எப்படி ஓடுகிறது என்பது தெரியும். உங்கள் பட்டறையில் எந்த வார்ப்பு எப்படி வரும், எத்தனை மைக்ரான் விலகினால் பம்ப் கம்பெனி திருப்பி அனுப்புவான் என்பதெல்லாம் எந்த ஐ.டி.ஐ.யிலும் சொல்லித்தர முடியாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, சி.என்.சி., தானியங்கிக் கட்டுப்பாடு என்று கருவிகள் வந்திருக்கின்றன. நல்ல விஷயம்தான். அப்படியும் கடைசிக் கட்டப் பயிற்சி உங்கள் கூரைக்குக் கீழேதான் நடந்தாக வேண்டும்.

படிப்பு எவ்வளவு நீளம், பட்டறை எவ்வளவு நீளம் என்ற வாதம் கோவைக்குப் புதிதல்ல. 1945இல் இங்கே பாலிடெக்னிக் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பொறியியலுக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்று சண்டை போட்டவர். அது போகட்டும்.

சொட்டுநீர் மானியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சொட்டுநீர் மானியம் தெரியும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம், மற்றவருக்கு 75 சதவீதம். பணம் விவசாயி கைக்கு வராது, அமைத்துத் தரும் கம்பெனிக்குப் போகும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது உங்கள் பாடு. குழாய் அடைத்தால் சுத்தம் செய்வது உங்கள் வேலை. குழாயைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விடாமல் இருந்தால் மானியம் வந்தும் தென்னை காயும்.

தொழில் பழகுநர் திட்டத்தின் அமைப்பும் இதுதான். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. அந்தப் பங்கு உங்கள் கணக்குக்கு வராது, பழகுநரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். கற்றுத்தருவது முழுக்க உங்கள் பொறுப்பு. 'மானியம் எனக்கு வரவே இல்லை' என்று குறைப்படுபவர்களில் பலர், வராத இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது: அரசு ஆளை அனுப்பாது. ஐ.டி.ஐ.யோ கல்லூரியோ பாதி தயாராக்கிய ஒருவரை நீங்கள் ஒப்பந்தத்தில் எடுத்து மீதியைச் சொல்லித்தருகிறீர்கள், உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு தருகிறது.

ஒரு சட்டம், இரண்டு திட்டம்

இங்கேதான் பெயர்க் குழப்பம். நாப்ஸ், நாட்ஸ் என்று இரண்டு பெயர் காதில் விழும்.

நாப்ஸ் என்பது 2016இல் தொடங்கிய தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர், குறுகிய காலத் திறன் பயிற்சி முடித்தவர் எல்லாரும் பெரும்பாலும் இதன் வழியாக வருகிறார்கள். உதவித்தொகையில் 25 சதவீதம், ஆனால் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாமல், அரசு தருகிறது.

நாட்ஸ் என்பது தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம், டிப்ளமோவும் பட்டமும் முடித்தவர்களுக்கு. கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது, தெற்கு மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில். இதில் குறைந்தபட்ச உதவித்தொகையின் பாதியை அரசு தருகிறது. இன்ஜினீயர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 முதல் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (வெளிநாட்டு ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துத் தருபவர்) வேலைக்கு பி.காம். முடித்த ஒரு பெண்ணை இப்படி எடுக்கலாம் என்பது பல ஏற்றுமதி நிறுவனங்களின் ஆபீசிலேயே தெரிவதில்லை.

தொகை எவ்வளவு? 2019 விதிகள் குறைந்தபட்சமாக வகுத்தது படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 வரை. ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய தொழில் பழகுநர் குழு பரிந்துரை செய்தது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் மத்திய அரசின் தொழில் பழகுநர் இணையதளத்தில் என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம் மட்டும்தான், கூடக் கொடுக்கத் தடையில்லை. இந்த ஊரில் ஹெல்பர் சம்பளமே இதைவிட அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். குறைந்தபட்சத்தோடு நிறுத்தினால் பையன் இரண்டாவது மாதமே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான். பலர் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்கிறார்கள்.

2019 தொகையை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். பம்ப் உதிரிபாகம் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறை, ஐ.டி.ஐ. முடித்த டர்னர் ஒருவரை ஓராண்டுக்கு எடுக்கிறது. மாதம் 7,000. இதில் 25 சதவீதம் 1,750 வரும், உச்சவரம்பு 1,500 என்பதால் அரசின் பங்கு 1,500. பட்டறையின் பங்கு 5,500. ஆண்டுக்கு அரசு 18,000, பட்டறை 66,000. அதே பட்டறை ஒரு டிப்ளமோ ஆளை நாட்ஸ் வழியாக எடுத்தால் 8,000இல் பாதி, 4,000 அரசுடையது. சிறு பட்டறைக்கு எது லாபம் என்பதைவிட எந்த வேலைக்கு எந்த ஆள் வேண்டும் என்று யோசிப்பதே சரி. டிப்ளமோ படித்தவரை லேத்தில் நிறுத்தினால் ஓராண்டு முடியும்போது அவரும் போவார், நீங்களும் நொந்துபோவீர்கள்.

யார் எடுக்கலாம், எத்தனை பேர்

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு இது விருப்பம் அல்ல, கடமை. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து மொத்தத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர் இருக்க வேண்டும். 40 பேர் உள்ள இடத்தில் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் எடுக்கலாம். கோவை, திருப்பூர் பட்டறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கூட்டம். 'நாங்க சின்ன ஆளுங்க, எங்களுக்கு இதெல்லாம் வராது' என்று சொல்பவர்களும் இவர்களே. பதினெட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு பழகுநர் வைக்கலாம்.

இன்னும் இரண்டு சொற்களை இங்கேயே தெரிந்துகொள்வோம். 'டெசிக்னேட்டட் ட்ரேட்' என்பது அரசு பாடத்திட்டம் வகுத்துப் பட்டியலிட்ட தொழில்: ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், வெல்டர் போன்றவை. முடிவில் அகில இந்தியத் தேர்வு நடக்கும், தேறினால் தேசிய தொழில் பழகுநர் சான்றிதழ். ஐ.டி.ஐ. முடித்து வருபவருக்குப் பொதுவாக ஓராண்டு. 'ஆப்ஷனல் ட்ரேட்' என்பது அந்தப் பட்டியலில் இல்லாத, முதலாளியே பாடத்தை வகுத்துக்கொள்ளும் தொழில். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை இருக்கலாம்.

நம் பக்கத்துக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம் பொருந்தும் என்பேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி பராமரிக்கும் ஆள் ஒரே நேரத்தில் ஹைட்ராலிக்கும் பார்க்கிறார், கம்ப்ரசரும் பார்க்கிறார், வெல்டிங்கும் செய்கிறார். பழைய பட்டியலின் எந்த ஒரு பெயருக்குள்ளும் அவர் அடங்கமாட்டார். அவருடைய வேலையை மாதவாரியாகப் பிரித்து, எதை எப்போது சொல்லித்தருவேன் என்று எழுதிப் பதிவேற்றினால் அதுவே பாடத்திட்டம். அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரோடு உட்கார்ந்தால் எழுதிவிடலாம். உட்காரத்தான் யாருக்கும் நேரமில்லை.

அவர் தொழிலாளி அல்ல, ஆகவே சில வேலைகளை வாங்கக் கூடாது

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது.

சட்டப்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதலாளிகள் நடுவில் வேகமாகப் பரவிய செய்தி இவ்வளவுதான். மறுபாதி பரவவே இல்லை.

மறுபாதி இது. பழகுநருக்கு ஓவர்டைம் கொடுக்கக் கூடாது. பயிற்சிக்கு அது தேவை என்றோ பொதுநலனுக்கு வேண்டும் என்றோ பழகுநர் ஆலோசகர் என்ற அதிகாரி ஏற்று அனுமதி தந்தால்தான் முடியும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது நாள்கணக்கின் இயல்பான அலகு, காலையில் உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே. பழகுநரை அந்த ஒன்றரைக்குள் சேர்க்க முடியாது. அடுத்து, அவருக்குப் பீஸ் ரேட் கூடாது. இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதைச் சட்டம் நேராகவே தடுக்கிறது. உற்பத்தி போனஸ் திட்டத்திலும் அவரை இழுக்கக் கூடாது. காரணம் எளிது: எண்ணிக்கைக்குக் காசு என்றால் கற்பவர் தெரிந்த ஒரே தையலையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார், புதிதாக ஒன்றும் கற்கமாட்டார். சொல்லித்தர வேண்டிய டெய்லரும் தன் பீஸ் போகிறதே என்று பக்கத்தில் விடமாட்டார்.

பாதுகாப்பு, சுகாதாரம், நல வசதி ஆகியவற்றில் மற்றவருக்கு உள்ளதெல்லாம் இவருக்கும் உண்டு. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு. இ.எஸ்.ஐ. இல்லை என்பதால், பவர் பிரஸ்ஸில் கை மாட்டினால் அந்தச் செலவு நேராக உங்கள் தலையில் விழும். விபத்துக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். குறைந்தபட்ச வயது 14, ஆபத்தான தொழில்களில் 18. சாயப்பட்டறைக்காரரும் ஃபவுண்டரிக்காரரும் வயதுச் சான்றை இரண்டு முறை பார்ப்பது நல்லது.

இவ்வளவு கறாராகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்த வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. கிராமத்து இளம்பெண்களை அழைத்துவந்து, மில் விடுதியிலேயே தங்கவைத்து, பயிற்சியாளர் என்று எழுதிக்கொண்டு, மூன்று வருட முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொன்னார்கள். செய்த வேலை முழு வேலை. நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்குமா என்பதே கேள்வி. பயிற்சி என்ற பேரில் பயிற்சியே இல்லாமல் ஆள் வைத்ததால், 'அப்ரண்டிஸ்' என்றாலே பெற்றோர் இன்றும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைத் தேவையில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிவு செய்த ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் உதவித்தொகை, முடிவில் தேர்வும் சான்றிதழும்: இந்த மூன்றும் இருந்தால்தான் அது சட்டம் சொல்லும் பயிற்சி. நீங்களாக ஒரு தாளில் 'ட்ரெய்னி' என்று எழுதிக்கொண்டால் அவர் தொழிலாளிதான், பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் முதல் நாளிலிருந்தே கணக்கு.

சுருக்கமாக: பிடித்தம் இல்லை, வேலை தரும் கட்டாயம் இல்லை. பதிலுக்கு ஓவர்டைம் இல்லை, பீஸ் ரேட் இல்லை, விபத்துப் பொறுப்பு உண்டு, கற்றுத்தந்தே ஆக வேண்டும்.

ஒரு பட்டறையில் முழுத்தொழிலும் இல்லையென்றால்

கொங்கு நாட்டுத் தொழிலின் அமைப்பே தனி. ஒரு பனியன் உருவாக நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் இன்னோரிடம். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் என்றால் வார்ப்பு, மெஷினிங், வைண்டிங், அசெம்ப்ளி என்று ஆளுக்கு ஒரு வேலை. ஒரு பட்டறைக்குள் வந்த பழகுநர் அந்த ஒரு வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அவருடைய படிப்பு அரைகுறை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பல முதலாளிகள் நேரடியாகவோ, அதிகாரி ஏற்ற ஒரு முகமை வழியாகவோ ஒன்றுசேர்ந்து, பழகுநரைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பயிற்சி தரலாம். மூன்று மாதம் ஃபவுண்டரி, ஐந்து மாதம் லேத், நான்கு மாதம் அசெம்ப்ளி என்று. ஒரு பட்டறைக்குத் தனியாகத் தாங்க முடியாத எழுத்து வேலையை ஒரு சங்கம் பொதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். கோவையில் சிறுதொழில் முனைவோரின் சங்கமான கொடிசியா 1969இலிருந்தும், திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இலிருந்தும் இருக்கின்றன. சங்கம் என்ற ஒன்று புதிதாக முளைக்க வேண்டிய ஊர்கள் அல்ல இவை. அப்புறம் ஏன் இந்த முறை பரவவில்லை? என் ஊகம் இது: தான் பழக்கிய பையனைப் பக்கத்துப் பட்டறைக்காரர் கொத்திக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் இப்போதும் அதுதானே நடக்கிறது? யாரும் பழக்காமல், எல்லாரும் கொத்திக்கொள்ள மட்டும் காத்திருந்தால், ஒரே டர்னர் ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக நாலு பட்டறை சுற்றுவார். மொத்தத்தில் ஆள் ஒருவர்கூடக் கூடாது.

பட்டறைக்கு வெளியே நடக்கும் பயிற்சிகளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவருக்குப் படிக்கும்போதே தொழில்சார் பாடங்களைச் சேர்க்கிறது. ஜவுளிக்கு மத்திய அரசின் 'சமர்த்' திட்டம் தனியாக இருக்கிறது, அதில் ஆலைகளும் தொழில் அமைப்புகளுமே பயிற்சி நடத்தலாம்.

மூன்றாவது வாசல்: புது ஆளுக்குச் செலவுப் பங்கு

இது பயிற்சி அல்ல, வேலை. மத்திய அரசின் 'பிரதமரின் வளர்ந்த பாரத வேலைவாய்ப்புத் திட்டம்' 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்குப் பொருந்தும். முதன்முதலாக பி.எஃப். உறுப்பினராகும் தொழிலாளிக்கு ஒரு மாத பி.எஃப். சம்பளம், 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணையில். முதலாளிக்கு, கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 வரை இரண்டு வருடம். உற்பத்தித் தொழிலுக்கு நான்கு வருடம். 50 பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ என்றால் ஐந்து பேர். ஆறு மாதமாவது வேலையில் நீடிக்க வேண்டும்.

30 பேர் உள்ள ஒரு யூனிட் 14,000 சம்பளத்தில் இருவரைச் சேர்த்தால் ஆளுக்கு மாதம் 2,000. இரண்டு வருடத்தில் 96,000. இதுதான் முதலாளி கணக்குக்கு வரும் பணம். பி.எஃப். இல்லாமல் கைச்சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு ஒரு பைசாவும் வராது.

இரண்டாவது வாசலும் மூன்றாவதும் இங்கே ஒன்றோடொன்று கைகோக்கின்றன. பழகுநராக இருக்கும் ஆண்டில் பி.எஃப். இல்லை, ஆகவே அந்த ஓராண்டு இந்தத் திட்டத்தில் சேராது. பயிற்சி முடிந்து, இதற்கு முன் எங்கேயும் பி.எஃப். கணக்கு இல்லாத அந்தப் பெண்ணையோ பையனையோ நீங்களே வேலைக்கு எடுத்தால், அவர் முதல்முறை உறுப்பினர். அவருக்கும் தொகை உண்டு, நிபந்தனை பொருந்தினால் உங்களுக்கும் உண்டு. பயிற்சி முடிந்தவர் உங்களிடமே தங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

மாநில அரசின் சிறுதொழில் மானியங்கள் வேறு. புதிய சிறுதொழிலுக்கு முதலாளியின் பி.எஃப். பங்கை ஈடுகட்டும் சம்பளப் பட்டியல் மானியமும் அதில் உண்டு. அதற்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும், ஐ.டி.ஐ.க்கு அல்ல.

எங்கே ஆரம்பிப்பது

ஐ.டி.ஐ. வகைப் பழகுநருக்கு, மாவட்ட திறன் பயிற்சி அலுவலகம். பெரும்பாலும் அரசு ஐ.டி.ஐ. வளாகத்திலேயே இருக்கும். கோவையில் அரசு ஐ.டி.ஐ. மேட்டுப்பாளையம் சாலையில், ஜி.என். மில்ஸ் பகுதியில். அங்கேயுள்ள உதவி இயக்குநரின் அலுவலகத்தில் கேட்டால் மத்திய அரசின் தொழில் பழகுநர் தளத்தில் பதிவு செய்யக் கூட இருந்து உதவுவார்கள். நிறுவனத்தின் பான், பதிவுச் சான்று, வங்கி விவரம், ஆள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பதிவு முடிந்ததும் எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று வாய்ப்பைப் பதிய வேண்டும். ஆள் தேர்வு உங்களுடையது, யாரையும் உங்கள் மேல் திணிக்கமாட்டார்கள். பிறகு ஒப்பந்தம், அது தளத்திலேயே பதிவாகும்.

மாதாமாதம் உங்கள் பங்கை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வங்கி வழியாகக் கொடுத்து, கொடுத்ததைத் தளத்தில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அரசின் பங்கு நகரும். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு 'கொடுத்துட்டேங்க' என்று சொன்னால் கணக்கில் ஏறாது. பழகுநரின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். அரசுப் பங்கு மாதக்கணக்கில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சின்னக் காரணத்தால்.

போகும் நேரமும் முக்கியம். ஐ.டி.ஐ. இறுதித் தேர்வு முடிந்து மாணவர் வெளியே வரும் பருவத்துக்கு முன்பே ஐ.டி.ஐ. முதல்வரையும் பயிற்சி அலுவலரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனால் பெரிய கம்பெனிகளின் வேன் வந்து போயிருக்கும். முடிந்தால் இறுதியாண்டு மாணவர் பத்துப் பேரை அரைநாள் உங்கள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள், ஒரு டீயும் வடையும் செலவு. எந்தப் பையன் மெஷின் பக்கம் நின்று கேள்வி கேட்கிறான் என்பதை மேஸ்திரி அன்றைக்கே சொல்லிவிடுவார். ஒப்பந்தத்துக்கான பெயரை அப்போதே குறித்துக்கொள்ளலாம்.